பப்பாளிக் குழல்

பொன்செல்வி இறந்துபோன பிறகு ஒரு தீபாவளி வந்து போய்விட்டது. அவள் கை மட்டும் இன்னும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

அரசுப் பேருந்துகளின் பின்பக்கத்தில் அதன் படத்தை ஒட்டியிருந்தார்கள். விரித்த ஐந்து விரல். ரோஜா நிறத்தில் நகங்கள். கீழே, 'சுத்தமான நகம், சுத்தமான வீடு.' சுகாதாரத் துறை எடுத்த படம் அது. கை அவளுடையது. அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் பிடிக்கிறவன் முன்னால் உட்கார வைத்தது அவள் புருஷன் வைரவன். இப்போது காலையில் வேலைக்குப் போகும்போது அந்தக் கைக்குப் பின்னால்தான் அவன் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. யாரோ சன்னல் வழியே துப்பிய வெற்றிலைச் சாறு, கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை வழிந்து காய்ந்திருந்தது. வைரவன் அதைப் பார்ப்பான். அழுகை வராது. வேகத்தைக் குறைத்து வண்டியைப் பின்தங்க விடுவான்.

பிறர்புகைத் தடுப்புச் சட்டம் வந்தபோது அவன் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். பொது இடத்தில் புகைக்காதே என்று பலகை வைத்துச் சலித்துப்போன அரசாங்கம் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தது. விற்கிற பீடி, சிகரெட் எல்லாவற்றிலும் ஒரு நிறங்காட்டியைச் சேர்க்க வைத்தது. புகையோடு அது காற்றில் கலக்கும். அந்தக் காற்றை இழுக்கிற அடுத்தவர் உடம்பில் தங்கும். நகம் வளர வளர அடியிலிருந்து நீலமாக வெளியே வரும். ஊதுகிறவனின் நகத்தில் வராது. ஏன் வராது என்று யாரும் ரொம்பக் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத தீங்கைக் கண்ணில் காட்டிவிட்டோம் என்று சட்டசபையில் மேசையைத் தட்டினார்கள்.

காட்டியாயிற்று. அப்புறம் என்ன செய்வது என்பதில்தான் கோளாறு. வீட்டுக்குள் ஊதியது யார் என்று எந்தப் பெண்ணும் காட்டிக்கொடுக்கவில்லை. ஊதியவன் நகமோ பளிச்சென்று இருந்தது. சாட்சி முழுக்கப் புகை குடித்தவரின் உடம்பில்தான் இருந்தது. ஆகவே சட்டம் அந்த உடம்பைப் பிடித்துக்கொண்டது. நீல நகம் உள்ள பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுத்துத் 'தூய காற்று இல்ல'த்தில் வைத்தார்கள். அவர்கள் பாதுகாப்புக்காக. நீல நகம் உள்ள பெண்களை ஜவுளிக்கடையில் வேலைக்கு எடுக்கவில்லை. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் நகத்தைக் கேட்டார்கள். மருதாணி வைத்து மறைத்தார்கள். மருதாணிக்குத் தடை வந்தது. பீடிக்கு வரவில்லை.

வைரவனுக்கு நக ஆய்வாளர் வேலை கிடைத்தது. ஒரு வெள்ளை அட்டை கொடுத்தார்கள். விரலை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஊரில் அவனுக்கு 'நகவெட்டி' என்று பேர்.

அன்றைக்கு மேலப்பேரித் தொடக்கப் பள்ளியில் ஆய்வு. பிள்ளைகள் வரிசையில் வந்து அட்டைமேல் கை வைத்தார்கள். ஒரு நீலம் இல்லை. போன வருஷம் இதே பள்ளியிலிருந்து ஒரு வேன் நிறைய ஏற்றி அனுப்பியிருந்தான். அந்த வேனின் பின்னால் தாய்மார்கள் ஓடிவந்தது இப்போதும் கண்ணில் இருக்கிறது. தலைமையாசிரியை சாந்தகுமாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மாவட்டமே இப்படித்தான் இருக்கிறதாம், புகையற்ற மாவட்டம் என்று அறிவிக்கப் போகிறார்களாம், கலெக்டர் வருவாராம். அவர் சொல்லச் சொல்ல வைரவன் தலையாட்டினான். பிள்ளைகள் குனியும்போதெல்லாம் ஊறிப்போன ஒரு நாற்றம் அடித்தது. எச்சிலில் நனைந்த சாம்பல் மாதிரி. சட்டையில் ஒட்டிய நாற்றமாக இருக்கும், நகம்தான் சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டான். வரிசையில் பாதிப் பிள்ளைகள் இருமினார்கள்.

வெளியே வரும்போது தெருவைக் கவனித்தான். வீட்டுக்கு வீடு பப்பாளி நின்றது. ஒன்றிலும் இலை இல்லை. உச்சியில் குருத்து மட்டும். மொட்டையடித்த மரங்கள்.

"என்ன டீச்சர், இந்த வருஷமும் டெங்கு ஜாஸ்தியோ?" என்று கேட்டான். பப்பாளி இலைச் சாறு குடிக்கிறார்கள் என்று நினைத்தான்.

சாந்தகுமாரி அவன் முகத்தைப் பார்க்காமல், "இருக்கும் சார்," என்றார்.

அவன் குடியிருந்த வீடு அவனுடையது அல்ல, அத்தானுடையது. அப்பா இறந்தபோது வைரவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அக்கா கோமதியின் புருஷன் செல்லத்துரைதான் கூட்டிவந்து சோறு போட்டுக் கல்லூரி வரை படிக்க வைத்தது. கல்யாணமும் செய்துவைத்தார். அதனால் அந்த வீட்டில் செல்லத்துரை எங்கே உட்கார்ந்து ஊதினாலும் அது அவர் இடம். வழக்கமாக நடுவீட்டில், டிவிக்கு எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில். காப்பி குடித்த டம்ளரிலேயே சாம்பலைத் தட்டுவார். அதிலேயே காறித் துப்புவார். அக்கா அதை எடுத்துக்கொண்டு போய் விரலை விட்டுக் கழுவுவாள். மறுநாள் அதே டம்ளரில் யாருக்காவது காப்பி வரும். வைரவன் பகல் முழுக்க வெளியே, ராத்திரி மொட்டைமாடியில்; அவன் நகத்தில் நீலம் வந்ததில்லை.

வைரவன் செருப்பைக் கழற்றும்போதே அவர் ஆரம்பித்தார்.

"என்ன நகவெட்டி, இன்னிக்கு எத்தன பேரு கைய புடிச்ச? பொம்பளைய கைய புடிக்கதுக்கு சர்க்காரு சம்பளம் குடுக்கது ஒனக்கு ஒருத்தனுக்குத்தான்டே."

சிரிப்பு இருமலாகி, இருமல் சளியாகி, டம்ளருக்குள் போனது. அவர் மடியில் வைரவனின் மகள் தாரணி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. அவள் உச்சந்தலைக்கு மேலே புகை ஒரு குடை மாதிரி நின்றது.

வைரவனுக்குக் கவலை அவள் நகத்தைப் பற்றித்தான். பொன்செல்வி இருந்தவரை பிள்ளையை நடுவீட்டுப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டாள். சில வாரங்களுக்கு முன்னால் குளிப்பாட்டும்போது பார்த்தான். பத்து விரலிலும் அடிநகத்தில் நீலம் கட்டியிருந்தது. தன் பகுதியாக இருந்ததால் வெளியே சொல்லாமல் இருந்துவிட்டான். ஆனால் அறிவிப்புக்கு முன்னால் ஆய்வாளர்களின் சொந்த வீடுகளை வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. இந்த வீட்டுக்குத் தூத்துக்குடியிலிருந்து ஆள் வருவார். நீலத்தைப் பார்த்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். தாய் போய்விட்டாள். இவளும் போனால் அவனுக்கு வீடு திரும்ப ஒரு காரணமும் இல்லை.

அத்தானிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தான். சொன்னான் என்றா சொல்வது? முற்றத்தில் இப்போது நல்ல காற்று அடிக்கிறது என்றான். அவர் இரண்டு நாள் முற்றத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கிரிக்கெட் வந்தது. நடுவீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குமேல் சொல்ல வைரவனுக்கு வாய் வரவில்லை. ஊரில் எத்தனையோ வீட்டில் ஏறி, எத்தனையோ பேரிடம் எவ்வளவோ சொன்னவன்.

அக்காதான் சமாதானம் சொன்னாள். "நீ ஒண்ணும் கலங்காத. பிள்ளை நகத்த நான் பாத்துக்கிடுதேன்."

எப்படி என்று அவன் கேட்கவில்லை.

ஆனால் நடந்தது. அடிநகத்தில் பிறை மாதிரி ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது. வாரம் போகப்போக அது ஏறி, நீலத்தை நுனிக்குத் தள்ளியது. அக்கா நுனியை வெட்டி எறிந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரணி பத்து விரலையும் அவன் முன்னால் விரித்துக் காட்டினாள். பேருந்தில் இருக்கிற கை மாதிரியே இருந்தது. சின்னது, அவ்வளவுதான். பொன்செல்வி போனதிலிருந்து முதல்முறையாக வைரவனுக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தான். அவள் இருமினாள். அவன் முகத்தில் அந்த நாற்றம் அடித்தது. எச்சிலில் நனைந்த சாம்பல்.

இருமல் நிற்கவில்லை. டாக்டர் ஜெசிந்தாவிடம் கூட்டிக்கொண்டு போனான். இருமி இருமி ஓய்ந்த பொன்செல்வியைக் கடைசியில் பார்த்தவர் அவர்தான். வீட்டு முன்னறையில் வைத்துப் பார்ப்பார். தாரணியின் முதுகில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். வாயைத் திறந்து ஊதச் சொல்லி மோந்து பார்த்தார். பிறகு வாசலில் மீன்தொட்டி இருக்கிறது, போய்ப் பார் என்று அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பிள்ளைக்கு யாரு புகை குடுக்காங்க?"

வைரவனுக்குக் காது சூடானது. அத்தான் ஊதுவார், மறைக்கவில்லை, ஆனால் இப்போது நகம் சுத்தமாகிவிட்டது, நீங்களே பாருங்கள் என்றான்.

"அதனாலதான் கேக்கேன்," என்றார் ஜெசிந்தா. "ஊதுறவனுக்கு ஏன் நீலம் வரலேன்னு நீங்க யோசிச்சதே இல்லியா? கெமிஸ்ட்ரி படிச்சவர்தான நீங்க."

அவன் சாத்திய கதவைப் பார்த்தான்.

"தினம் நேரா இழுக்கிறவங்க கல்லீரல் புகைய உடைக்கப் பழகிடும். உங்க நிறங்காட்டியையும் சேத்து உடைச்சுப் போட்டுடும். நகம் வரைக்கும் அது வராது. பக்கத்துல இருந்து மோந்தவங்களுக்கு அந்தப் பழக்கம் பத்தாது. அவங்களுக்குத்தான் நீலம். சுத்தமான நகம்னா ரெண்டே காரணம்தான். வீட்டுல யாருமே ஊதல. இல்லேன்னா எல்லாரும் ஊதுதாங்க."

"ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் சுத்தமா இருக்கே."

"ஆமா. எங்கிட்ட வர்ற எல்லாப் பிள்ளைக்கும் இருமலும் இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அன்னைக்கும் இதத்தான் கேட்டேன். உங்க வீட்டம்மா எத்தன வருஷமா புகைக்காங்கன்னு. என் பொண்டாட்டியப் பத்தி என்ன பேச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டீங்க. போஸ்டர்ல இருக்கது அவ கைதான்னு சொன்னீங்க."

சொன்னான். சத்தமாகவே சொன்னான். கல்யாணமான முதல் வருஷம் பொன்செல்விக்கு நீலம் வந்தது. பிறகு தானாகப் போய்விட்டது. போனதற்கு அவன் பெருமைப்பட்டான். அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கையைக் காட்டினான்.

துறைக்குத் தான் எழுதியதாகவும், நகமே அளவுகோல் என்று ஒரு வரி பதில் வந்ததாகவும் ஜெசிந்தா சொன்னார். நிரூபிக்க வழி இருக்கிறதா என்று அவன் கேட்டான்.

"இருக்கு. நிறுத்தணும். புகையில்லாத இடத்துல கொஞ்ச வாரம் இருந்தா கல்லீரல் பழக்கத்த மறந்துடும். உடம்புக் கொழுப்புல தங்கின மிச்சம் நகத்துக்கு வரும். நல்ல காத்துல இருக்க பிள்ளைக்கு நீலம் வந்தா அதுக்கு மேல யாரும் மறுக்க முடியாது. ஆனா யாரு நிறுத்துவா? நீலம் வந்தா பிள்ளையக் கொண்டுபோயிடுவீங்களே."

கொண்டுபோயிடுவாங்களே என்று சொல்லவில்லை. கொண்டுபோயிடுவீங்களே என்றார். அவன் எழுந்து பிள்ளையைத் தேடிப் போனான். தாரணி மீன்தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டி ஊதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் சொல்லாமல் வீட்டுக்கு வந்தான். நடுவீட்டில் அத்தான் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. கீழுதட்டில் அணைந்த சிகரெட் ஒட்டித் தொங்கியது. அவரைத் தாண்டி அடுக்களை வழியாகப் பின்கட்டுக்குப் போனான்.

அங்கே பப்பாளி மரம் நின்றது. பொன்செல்வி வைத்த மரம். அதன் தலையும் மொட்டையாகத்தான் இருந்தது. தினமும் அதன் அடியில்தான் அவன் பல் தேய்த்தான். ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மரத்தடியில் அக்கா குந்தியிருந்தாள். முன்னால் ஓட்டுச் சில்லில் கங்கு. மேலே கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டை. சிரட்டையின் கண்ணில் பப்பாளி இலைக் காம்பைக் குழல்போலச் செருகியிருந்தாள். மறுமுனை தாரணியின் வாயில். பக்கத்தில், தூளைக் கங்கில் கொட்டிவிட்டுப் போட்ட பீடி இலைகள் கிடந்தன.

வைரவனுக்கு அந்தச் சாமான் தெரியும். சின்ன வயதில் பல் வலித்தால் அக்கா அவனுக்கும் இப்படித்தான் கண்டங்கத்திரி விதையைக் கங்கில் போட்டுப் புகை பிடிப்பாள். பல்லில் உள்ள பூச்சி செத்து விழும் என்பாள்.

"ஒரே ஒரு வாய், தங்கம். இழு. முழுங்காத. ஆங், அப்பிடித்தான்."

பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இழுத்தாள். கண்ணீரும் மூக்குச்சளியும் வழிந்து காம்பில் இறங்கின. அக்கா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவ்வளவு பாசமாகத் தட்டினாள்.

வைரவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. செம்பில் தண்ணீர் மோந்து கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளையை உள்ளே போகச் சொன்னாள்.

"என்னக்கா இது?"

"தெருவுல எல்லாவளும் இதான செய்யுதா. ஒனக்குத் தெரியாதுன்னா நாங்க என்ன செய்ய? ஊரு நகத்தப் பாக்கவன் நீ."

"பொன்செல்வியும்..."

"அவதான் எங்கிட்ட வந்து கேட்டா. நீலத்தோட இருந்தா ஒனக்கு வேலை போயிருமேன்னு அழுதா. அப்புறம் இவ வயித்துல வந்தா. பெறந்ததும் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயந்தா. பயத்துல ஒரு நாளும் விடல." கங்கின்மேல் சாம்பலைத் தள்ளினாள். "அவ ஒனக்காவத்தான் செஞ்சா. நானும் ஒம் பிள்ளைக்காவத்தான் செய்யுதேன்."

"அத்தான வெளிய போய் ஊதச் சொல்லியிருக்கலாம்லா."

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சம்பந்தமில்லாத ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"அவியள எப்பிடிய்யா சொல்ல?" என்றாள். "நீ சொன்னியா?"

உள்ளேயிருந்து கனைப்புச் சத்தம் கேட்டது. "ஏட்டி, காப்பி என்னாச்சி?"

அக்கா சிரட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஒரு மனிதனை வாசல்படி தாண்டி உட்காரச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் ஒரு தெரு முழுக்கப் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் புகையை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கமும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அது நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வைரவன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளித்துத் துப்பினான். கசப்பு போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நடுவீட்டில் நின்று சொன்னான். "அத்தான், இனிமே வெளிய போய் ஊதுங்க."

செல்லத்துரை டிவியை நிறுத்தவில்லை. "யாரு வீட்டுல நின்னு யார வெளிய போகச் சொல்லுத, மாப்ளே?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையாகவே வேடிக்கையாக இருந்தது அவருக்கு.

தூத்துக்குடி ஆய்வாளர் மறுநாள் காலையில் வந்தாள். ஜெனோவா என்று பேர். வேலைக்குப் புதிது. வைரவன் எடுத்த பயிற்சி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள். வணக்கம் சார் என்று சிரித்தாள். வெள்ளை அட்டையை எடுத்துத் தாரணியின் விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அருமையா இருக்கு சார். அம்மா கை மாதிரியே."

வைரவன் வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் பிள்ளை போகும். சொல்லாவிட்டால் நாளைக்கும் சிரட்டை வரும். அக்கா கதவோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ வாய மோந்து பாருங்க," என்றான்.

"சார்?"

"மோந்து பாருங்க. பிள்ளைக்குப் புகை குடுக்காங்க. ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் குடுக்காங்க. அதனாலதான் நகம் இப்பிடி இருக்கு."

ஜெனோவா செல்லத்துரையைப் பார்த்தாள். செல்லத்துரை சுட்டுவிரலால் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். பெண்டாட்டி செத்ததிலிருந்து இப்படித்தான் என்று வாயசைத்தார். அவள் முகத்தில் இரக்கம் வந்தது.

"சார், நகம்தான் சார் விதி. நீங்களே எங்களுக்கு அப்படித்தான சொல்லிக்குடுத்தீங்க. மூக்கால பாத்தத நான் எப்படி சார் எழுத?"

அவள் பையிலிருந்து பச்சைத் தகடு ஒன்றை எடுத்தாள். 'புகையில்லா வீடு' என்று எழுதியிருந்தது. வாசலில் அறைய வேண்டும். வீட்டுத் தலைவர்தான் அறைய வேண்டும் என்பது விதி. செல்லத்துரை சுத்தியலை வாங்கிக்கொண்டார். ஆணி இரண்டைத் தாரணியின் உள்ளங்கையில் கொடுத்து, "பிடிட்டி, மாமாவுக்கு எடுத்துக் குடு," என்றார். உதட்டில் சிகரெட்டோடு ஓங்கி அறைந்தார். ஒவ்வொரு அடிக்கும் சாம்பல் உதிர்ந்து பிள்ளையின் தலைமுடியில் விழுந்தது. ஜெனோவா அந்தச் சாம்பலைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். அக்கா அவளுக்குக் காப்பி கொண்டுவந்தாள். அந்த டம்ளரில்தான். அவள் குடித்தாள்.

அவள் போன பிறகு வைரவன் ஒரு பையில் துணியை எடுத்து வைத்தான். அக்கா தடுக்கவில்லை. நடையில் உட்கார்ந்து அழுதாள். கைகொடுத்து வளர்த்த பிள்ளை இப்படிப் போகிறானே என்று அத்தான் தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில், சாரல் படுகிற ஒரு ஊரில் மாடி அறை கிடைத்தது. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். இருவருக்கும் புகைப் பழக்கம் இல்லை. தெருவிலும் பீடிக்கடை கிடையாது. அந்த ஊர்ப் பக்கமே வேலையை மாற்றிக்கொண்டான். பகலில் வீட்டுக்காரர் மனைவி பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்.

முதல் வாரங்கள் கொடுமையாக இருந்தன. தாரணி காரணமில்லாமல் கத்தினாள். தட்டைத் தூக்கி எறிந்தாள். ஒருநாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, "அப்பா, பல்லு வலிக்கு. புகை போடு," என்றாள். அவன் பல்லைப் பார்த்தான். ஒரு சொத்தையும் இல்லை. மறுநாளும் வந்தாள். இல்லாத வலிக்கு அழுதாள், உண்மையான கண்ணீரோடு. ஐந்து வயதுப் பிள்ளை, டீக்கடை வாசலில் தீப்பெட்டி கேட்டு நிற்கிற கிழவன் மாதிரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு சாரலில் நடந்தான். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாவட்டத்தைப் புகையற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். மேடைக்குப் பின்னால் பொன்செல்வியின் கை, ஒரு ஆள் உயரத்துக்கு. நீலப் பிள்ளைகள் யாரும் இனி இல்லை என்பதால் தூய காற்று இல்லங்களைக் காலி செய்தாயிற்று என்று பேசினார்கள். வைரவன் கூட்டத்தில் நின்று கைதட்டாமல் கேட்டான். பின்வரிசையில் இருமல் சத்தம் நிற்கவே இல்லை.

தினமும் காலையில் வெள்ளை அட்டையை எடுத்து மகளின் விரலை வைத்துப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக நீலம் வர வேண்டும் என்று விரும்பினான். வந்தால் பிள்ளை போய்விடுவாள் என்றும் தெரியும்.

தாரணி அழுவது குறைந்தது. இருமல் நின்றது. வாயில் பால் வாசனை வந்தது. பிறகு ஒருநாள் அடிநகத்தில் நூல் மாதிரி ஒரு கோடு. நீலம்.

"அழுக்காப்பா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றான்.

அந்தப் பகுதியில் ஆய்வாளர்களின் வீடுகளைப் பார்க்க ஜெனோவாவைத்தான் மாற்றிப் போட்டிருந்தார்கள். வழக்கமான சுற்றில் மாடிப்படி ஏறி வந்தாள். வீடு முழுக்க நடந்து பார்த்தாள். சாம்பல் இல்லை, வாசனை இல்லை. பிள்ளையின் கையை அட்டையில் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"சார், மழை இருட்டு. எனக்கு எதுவும் தெரியல," என்றாள் மெல்ல. "நான் அப்படியே போயிடுதேன்."

வைரவன் விளக்கைப் போட்டான். "பாருங்க. எழுதுங்க."

"இந்த மாவட்டத்துலயே இது ஒண்ணுதான் சார் நீலம். இல்லத்துல இப்ப ஒரு பிள்ளை கிடையாது. காவல்காரரும் சமையக்காரம்மாவும் மட்டும்தான். ஒத்தையில இருப்பா சார்."

"தெரியும்." பழக்கம் விட்டால்தான் நீலம் வரும் என்று டாக்டர் ஜெசிந்தா எழுதிக் கொடுத்திருந்த தாளை நீட்டினான். "புகையே இல்லாத வீட்டுல நீலம் எப்பிடி வந்துச்சுன்னு மேல இருந்து ஒருத்தராவது கேக்கணும். நீங்க எழுதினாத்தான் கேப்பாங்க."

ஜெனோவா அந்தத் தாளைப் படித்தாள். பிறகு பிள்ளையின் பக்கம் குனிந்து, விதியில் இல்லாத ஒன்றைச் செய்தாள். மோந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அந்த வீட்டு நடையில் அடித்தது இந்த வாசனை இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேனாவை எடுத்து எழுதினாள்.

வேன் வரும்வரை வைரவன் பையில் துணி வைத்தான். இரண்டு கவுன், ஒரு போர்வை, சீப்பு. தாரணி கட்டிலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்கே போகிறோம் என்று கேட்டாள். ஒரு பெரிய வீட்டுக்கு, அங்கே நல்ல காற்று, அப்பா ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்றான். அவள் தன் நகத்தைப் பார்த்தாள். யோசித்தாள்.

"அங்க பப்பாளி மரம் இருக்குமாப்பா?"

பயந்து கேட்கிறாளா, ஆசைப்பட்டுக் கேட்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினான். தெரியவில்லை.

"இருக்காது," என்றான்.